தங்கச்சி மேல் அடுக்கிய கற்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் புதைத்தால் மேட்டின் மேல் கல் அடுக்குவார்கள். பெரியவர்களுக்கு அப்படி இல்லை. அவர்களுக்கு ஆழமாக வெட்டி, மண்ணை மிதித்து இறுக்குவதோடு சரி. பிள்ளைகளின் குழி ஆழம் குறைவு. அதற்கு மட்டும் ஓடையிலிருந்து கல் சுமந்து வந்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நெருக்கி வைத்து, இடுக்கில் முள்ளும் செருகுவார்கள். எதற்கு என்று கேட்டால் "ஒனக்கு எதுக்குடா அது?" என்று விரட்டிவிடுவார்கள்.

பதுளை டவுனில் நான் வேலை செய்யும் துணிக்கடையின் முதலாளி முஸ்லிம். நல்ல மனிதர். போன மாதம் வியாபாரம் இல்லாத ஒரு மத்தியானம், "ஈசா நபிய, அதான் ஒங்க ஏசுவ, நாங்களும் மதிக்கிறோம். ஆனா நீங்க முழு நம்பிக்கையையும் அவர் மேலயே வெச்சிருக்கீங்களே, அது ஏன்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் துணியை மடித்துக்கொண்டே சிரித்து வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேச வராது. ஒருவர் முன்னால்கூட வராது. எழுத்து கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. தங்கச்சிக்கு இரண்டு முடிந்து சில மாதம். பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். கிறிஸ்மஸ் முடிந்த மழையில் அவளுக்குச் சளி பிடித்து, நெஞ்சில் இறங்கிவிட்டது. அம்மா அவளை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். வழியில் ஹாலிஎல வருவதற்கு முன்னாலேயே லொறியைத் திருப்ப வேண்டியதாகிவிட்டது. போன லொறி இவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறதே என்று நான் எங்கள் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று கைதட்டினேன்.

தச்சு வேலை செய்யும் பாஸ் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தார். ஓரத்தில் தகரப் பட்டி அப்படியே இருந்தது. கிறிஸ்மஸுக்கு ஒரே ஒரு நாள் போட்ட மஞ்சள் சட்டையை அம்மா அவளுக்குப் போட்டுவிட்டாள்.

இங்கே பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அப்பாவின் அண்ணன். லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில்தான் இருந்தார். அப்பா வீட்டார் எல்லோரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அப்பா மட்டும் அம்மாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தார். பெரியப்பாவுக்கு அது கடைசிவரை ஆறவில்லை. எங்கள் வீட்டில் பானை உடைந்தாலும், ஆடு செத்தாலும், "ஒங்க ஏசு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்.

புதைக்கும்போது ஜெபம் செய்ய டவுனிலிருந்து உபதேசியார் பஸ்ஸில் வந்திருந்தார். மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு, "இயேசு மரித்து மூன்றாம் நாள் எழுந்தார். அவரை நம்புகிறபடியால் இந்தப் பிள்ளையும் எழும்பும்" என்றார். பெரியப்பா கையில் கல்லை வைத்துக்கொண்டு நின்றார். அழுது அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"மூணாம் நாளு தானே? இன்னைக்குச் செவ்வாக்கெழம. வியாழக்கெழம வந்து பாக்கலாமா?" என்றார்.

உபதேசியார் ஜெபப் புத்தகத்தை மூடினார். அம்மா நிமிரவே இல்லை. பெரியப்பா சொன்னது குத்தல் என்று எல்லோருக்கும் விளங்கியது, எனக்குத் தவிர. நான் விரலை மடக்கி எண்ணினேன். செவ்வாய், புதன், வியாழன். சரியாகத்தான் வந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரே கவலை, அந்தக் கல். ஞாயிறு வகுப்பில் ஒரு படம் காட்டியிருந்தார்கள். இயேசுவின் கல்லறையை மூடிய கல் உருண்டு கிடக்கும், அதன் மேல் ஒரு தேவதூதன் உட்கார்ந்திருப்பான். அவருக்குக் கல்லை எடுக்க ஆள் வந்தது. எங்கள் தோட்டத்துக்கு யார் வருவார்கள்? பஸ்ஸே ஒழுங்காக வராது. பாப்பாவுக்கு மாவு டின்னின் மூடியையே திறக்க வராது, என்னைத்தான் கூப்பிடுவாள். இத்தனை கல்லைத் தள்ளிக்கொண்டு எப்படி எழும்புவாள்? எழும்பப் பார்த்து முடியாமல் உள்ளேயே அழுதுகொண்டு கிடந்தால்?

வியாழக்கிழமை விடிவதற்குள் எழுந்து போனேன். பனியில் ஒன்றும் தெரியவில்லை. தேயிலைச் செடியைக் கையால் தடவிக்கொண்டுதான் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலில் முள்ளை எடுத்தேன், கை கிழிந்தது. பிறகு கல்லை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டேன். முப்பத்தேழு கல். வகுப்பில் புதிதாக நூறு வரை எண்ணப் பழகியிருந்ததால் எண்ணிக்கொண்டே எடுத்தேன். முடிந்ததும் பக்கத்தில் குந்திக்கொண்டு, "பாப்பா, எந்திரி, விடிஞ்சிருச்சு" என்றேன். அவள் குளிரில் வருவாளே என்று என் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. காலில் அட்டை கடித்தது. கீழே காலை வேலைக்கு ஆள் கூடச் சொல்லி, பெரட்டுக்குக் கொம்பு ஊதினார்கள். பாப்பா எப்போதும் வெயில் வந்த பிறகுதான் எழும்புகிறவள் என்பது நினைவுக்கு வந்ததும் எனக்கு மனம் தெளிந்தது. கல்லை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பகல் முழுக்க மழை. அன்றைக்கு அவள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மறுபடி போனேன். மேடு இல்லை. மண் நாலு பக்கமும் சிதறிக் கிடந்தது. பெட்டியின் ஒரு மூலை வெளியே தெரிந்தது. தகரப் பட்டி வளைந்து, மூடிப் பலகை பெயர்ந்து கிடந்தது.

உள்ளே எட்டிப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கத் தோன்றவில்லை. படத்திலும் கல்லறை காலியாகத்தானே இருந்தது.

நான் ஓடினேன். அன்றைக்குத்தான் அம்மா திரும்ப வேலைக்கு இறங்கியிருந்தாள். காலையில் எல்லோரும் கூடி நின்று வேலை கேட்டுக்கொள்ளும் பெரட்டுக் களத்தில், கூடையோடு பெண்கள் வரிசைக்கு நடுவே நின்றாள். அப்பாவும் பெரியப்பாவும் மண்வெட்டிக்காரர்கள் பக்கம் நின்றார்கள். கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவ்வளவு பேருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"அம்மா! பாப்பா எந்திரிச்சுட்டா! பெட்டியத் தொறந்துக்கிட்டுப் போயிட்டா! பெரியப்பா, வந்து பாருங்க, நீங்கதானே பாக்கலாம்னு சொன்னீங்க!"

கூட்டத்தில் நான் வாய் திறந்து பேசியது அதுதான் கடைசி.

முதலில் பெரியப்பாதான் கிட்டே வந்தார். "கல்லு?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் எடுத்தேன். அவளுக்குத் தூக்க முடியாதுல்ல."

அவர் முகம் செத்துப்போனது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவிடம், "நீ வேணாம் புள்ள. நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அம்மா கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு அவருக்கு முன்னால் ஓடினாள்.

என்னைக் கீழே பாதையிலேயே நிற்கவைத்து, அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்றார்கள். நான் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் அம்மாவின் குரல் ஒரே ஒரு தடவை கேட்டது. அப்புறம் பெரியப்பா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார், "பன்னிடா. ரெண்டு மூணு வந்திருக்கு." காட்டுப்பன்றி கிழங்குக்கு மண்ணைக் கிளறுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கல் எதற்கு என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

அப்பா வந்து என் கையைப் பிடித்து இழுத்து அடிக்க ஓங்கினார். பெரியப்பா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன அடிக்காத. சொன்னது என் வாயி. அடிக்கிறதுன்னா என்னைய அடி" என்றார். அப்பா இரண்டு பேரையும் அடிக்கவில்லை. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நான் திரும்பிப் பார்த்தபோது குழி மூடியிருந்தது. அம்மா கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆண்கள் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் கை இரண்டும் முழங்கை வரை மண்ணாக இருந்தது. தலையில் கட்டியிருந்த துணியைக் காணவில்லை. அதில் அவள் எதைச் சுற்றி உள்ளே வைத்தாள் என்று நான் அம்மாவிடம் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம் என்றால் அவளும் இல்லை.

வீட்டுக்கு இறங்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அப்ப பாப்பா எந்திரிக்கலையா?"

"இன்னும் இல்லடா" என்றாள் அம்மா.

ஒரு அடி விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த 'இன்னும்' என்ற வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனைக்குப் பிறகும் இவள் என்னை ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன்.

பெரியப்பா அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்றும் கேட்டதில்லை. அப்பா சேர்ச்சுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். பாதிப் பேர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் எதை நம்புகிறோம் என்று வாரந்தோறும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். சரீரம் உயிர்த்தெழும் என்று சொல்லும் இடம் கடைசியில் வரும். அது வந்தபோது பக்கத்தில் நின்ற பெண்கள் அம்மாவுக்காகக் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருத்தி நிறுத்தியே விட்டாள். அம்மா நிறுத்தவில்லை. 'சரீரம்' என்ற சொல் பாதியில் அறுந்தது. கனைத்துக்கொண்டு, மறுபடி அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கி, தனியாகச் சொல்லி முடித்தாள்.

நான் கோபத்தில் வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். மேட்டில் அன்றைக்குப் பார்த்தது அம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். அந்தச் சேர்ச்சில் நின்றவர்களிலேயே சரீரம் என்றால் என்னவென்று கையால் தொட்டு அறிந்திருந்தவள் அவள் ஒருத்திதான் என்பதும், அதைத் தொட்டுவிட்டு வந்தவளுக்குக் குழிக்குள் கிடந்து எழுந்து வந்த இயேசுவைத் தவிரப் பிடித்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது என்பதும், ஏழு வயதில் எனக்குத் தெரியவில்லை.