ஆளுக்குப் பாதி

பட்டறையில் அவளைப் பாலிஷ்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கல் பலகைகளை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துத் தேய்த்தே இருபத்திரண்டு வருடம் ஓட்டியவள். கல் பளபளத்தது. பறந்த தூளெல்லாம் அவள் நெஞ்சுக்குள் போய்க் குடியேறியது. நாற்பத்தெட்டு வயதிலேயே ஒரு மாடி ஏற இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. நுரையீரல் வீங்கி வீங்கி ஆறியதில் உள்ளே தழும்பேறி விறைத்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

"இனிமே வீட்டுல சும்மா உக்காரும்மா," என்றாள் மகள்.

"எனக்கு அந்த வேலை தெரியாது. நீ வேணா உக்காரு."

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை நடந்தது. கிரீன் டீ இலையிலிருந்து பிரித்தெடுத்த சத்து ஒன்று வீக்கத்தைத் தணிக்குமா, தழும்பு மேலும் ஏறாமல் தடுக்குமா என்று பார்க்கிறார்கள். எலிகளுக்குக் கேட்டதாம். மனுஷனுக்குக் கேட்க வேண்டுமே. பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது.

"அதுக்கு நாங்களே நாலு கப் டீ போட்டுக் குடிச்சுக்க மாட்டமா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள் பாலிஷ்காரி.

"கப்புல இருக்கறது கொஞ்சம், இதுல இருக்கறது ரொம்ப. அளவு மீறினா ஈரலைக் கெடுத்துடும். அதுக்குத்தான் மாசா மாசம் ரத்தம் எடுக்கறோம்."

சரியென்று கையெழுத்துப் போட்டாள்.

அதே நோயோடு வந்திருந்தார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். முதல் மாத்திரைப் பாட்டிலை வாங்கிக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்ததுமே புலம்ப ஆரம்பித்தார்.

"என்னோடது மாவுதான் தங்கச்சி. என் ராசி அப்படி."

இவளுக்குப் புலம்பல் ஆகாது. சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கழற்றி இரண்டு பாட்டிலையும் அதில் கொட்டினாள், கலந்தாள், எண்ணிப் பிரித்தாள். பட்டறைப் பழக்கம் அது. அங்கே இரண்டு பேருக்கு ஒரே முகமூடி; காலையில் ஒருத்தி, மதியம் ஒருத்தி. முதலாளி செய்த கொடுமையை இவர்கள் நியாயமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

"ஆளுக்குப் பாதிண்ணே. ஒருத்தரும் ஏமாற வேண்டாம்."

ஐந்து மாதம் இப்படியே போனது. ஆறாவது மாதம் அவளை ஊதவிட்டு மூச்சை அளந்து முடித்த டாக்டரம்மா உற்சாகமாகச் சொன்னார்: "அடுத்த மாசம் தெரிஞ்சுடும். மருந்து சாப்பிட்டவங்க ஒரு பக்கம், மாவு சாப்பிட்டவங்க ஒரு பக்கம். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் இது வேலை செய்யுதான்னு சொல்ல முடியும். செஞ்சா உங்க பட்டறைப் பொண்ணுங்களுக்குத்தான் அடுத்து."

அவளுக்குப் பகீரென்றது. அந்த இரண்டு பக்கத்தையும் டப்பா மூடியில் கலந்துவிட்டவள் அவள்தான்.

வெளியே வந்து டிரைவரிடம் சொன்னாள். அவர் முகம் செத்துவிட்டது.

"வாயைத் திறக்காத. வெளிய தள்ளிடுவாங்க. நமக்குன்னு இருக்கறதே இந்த மாத்திரை ஒண்ணுதான். பாதியாவது உள்ள போகுதே."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அவளுக்கும் பயம்தான். ஆனால் பட்டறையில் இன்னும் எட்டுப் பெண்கள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு நாம பண்ணது. தப்பான பதிலை நம்பி அதுங்க முழுங்கணுமா? உங்களையும் சேர்த்துத்தான் சொல்லப் போறேன். கோவம்னா இப்பவே பட்டுக்கங்க."

அவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். அவள் கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

எல்லாவற்றையும் கேட்ட டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "படிச்சுப் படிச்சுச் சொன்னனே. அவரோட மாத்திரையை நீங்க சாப்பிடலாமா? ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகல. திட்டுங்க, வாங்கிக்கறேன்."

"உங்க ரெண்டு பேரையும் சோதனையிலேர்ந்து நிறுத்தணும். வேற வழியில்ல."

"நிறுத்துங்க. ஆனா ஏன் கலந்தோம்னும் எழுதுங்க. மாவு கிடைச்சா அவ்வளவுதான், செத்தோம்னு நினைச்சோம். மருந்து வேலை செஞ்சா, மாவு சாப்பிட்டவங்களுக்கும் அப்புறம் மருந்து உண்டுன்னு யாராவது சொன்னீங்களா?"

டாக்டரம்மா அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துப் புரட்டினார். அப்படி ஒரு வரி அந்தக் காகிதத்தில் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

"அந்த வரியைப் போடச் சொல்லி மேல இருக்கறவங்களுக்கு எழுதுங்க. இல்லன்னா அடுத்து வர்ற பொண்ணுங்களும் கலப்பாளுங்க. அவளுங்களுக்குப் பங்கு போடக் கத்துக் குடுத்தவளே நான்தான்."

"அது என் ஒருத்தி கையில இல்லம்மா."

"எழுதறது உங்க கையிலதானே இருக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது, பேச்சு திணறியது. எழுந்திருக்கிற எண்ணம் மட்டும் இல்லை. கதவு திறந்தது. டிரைவர் உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் பேரையும் போட்டு எழுதுங்க," என்றார்.