தொகுதி மேலே, பகுதி கீழே

அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒருவரும் முழுத் தோசை சாப்பிடவில்லை. கல்லிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டால் போதும், மருமகள் கத்தியோடு வந்துவிடுவாள். நாலாக வெட்டுவாள், எட்டாக வெட்டுவாள், ஒன்றை மட்டும் தள்ளி வைத்து உற்றுப் பார்ப்பாள். அதற்குள் தோசை ஆறி வறட்டியாகிவிடும். எதற்குச் சுடுகிறோம் என்றே எனக்கு வெறுத்துப் போனது.

அவள் டீச்சர் ட்ரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் என்றால் அவளுக்கு உயிர். கணக்கு என்றால் பயம். சின்ன வயதில் கணக்குக்காக வாங்கிய அடி அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து என் மகன் ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை.

"கணக்கே வர்லன்னா இன்னாத்துக்கு டீச்சரு? ஒரே பேஜாரு. எங்க கம்பெனில பேக்கிங்குக்கு ஆள் எடுத்துக்கினு கீறாங்க. தெருமுனைக்கே பஸ் வருது, ஏறி உக்காந்தா முடிஞ்சிச்சு."

அவள் அடுத்த தோசையை வெட்டப் போய்விடுவாள். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "இந்த ஒரு கிளாஸ் எடுத்துப் பாக்கறேன் அத்த. அதுலயும் உளறிட்டேன்னா அவரு சொன்ன மாதிரி பஸ் ஏறிடறேன்."

அந்த ஒரு கிளாஸ்தான் என் உயிரை வாங்கியது. ட்ரெயினிங் காலேஜில் புதிதாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரே வகுப்பை எடுக்க வேண்டும். ஒருத்தி பலகையிடம் நிற்பாள், இன்னொருத்தி பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து யாருக்கு எங்கே புரியவில்லை என்று பார்ப்பாள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். காலேஜ் மேடம் பின்னால் உட்கார்ந்து கவனிப்பார். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தும்படி இவளுக்கு வந்தது. கூட்டாளி, ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண். கணக்கில் புலி. ஆனால் பேச்சு எக்ஸ்பிரஸ் வண்டி, எந்த ஸ்டேஷனிலும் நிற்காது.

இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் பழகிப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குப் பதிலாக நான். பள்ளியில் பின்னப் பாடம் வருவதற்குள் நாற்று நடப் போய்விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். என்னை உட்கார வைத்து ஒருத்தி கேள்வி கேட்கிறாள், இன்னொருத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆயா, கோட்டுக்கு மேல கீறது இன்னா?" என்றாள் ஆரம்பாக்கத்துப் பெண், தரையில் எழுதியிருந்த 1/4-ஐக் காட்டி.

"ஒண்ணு."

"அதுக்குப் பேரு தொகுதி. கீழ நாலு கீதே, அதுக்குப் பேரு பகுதி. சொல்லு பாக்கலாம்."

"தொகுதின்னா, ஓட்டுப் போடற தொகுதியா?"

"ஐயோ, அது வேற ஆயா!"

"இன்னாம்மா வேற? தொகுதின்னா எத்தினி ஊரு கீது அதுல! பகுதின்னா நம்ம பக்கம் நாலு தெரு. நாலுல ஒரு துண்டுதானே மேல எழுதிக்கீற? அப்ப துண்டுக்குத்தானே பகுதின்னு பேரு வரணும்?"

நான் தெரியாமல்தான் கேட்டேன். மருமகள் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள்.

"நானும் இப்டித்தான்டி மாத்தி மாத்தி எழுதுவேன். அடி வாங்குனதே இதுக்குத்தான். கீழ கீறதுக்கு ஏன்டி பகுதின்னு பேரு?"

"அது அப்டித்தான். மனப்பாடம் பண்ணிக்கோ."

"ஏன்னு கேட்டா?"

அந்தப் பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "தெர்லடி. நானும் மனப்பாடம்தான் பண்ணேன்."

"உனக்கே தெர்லயா!" என்று மருமகள் சிரித்தாள் பாருங்கள், கணக்குப் புத்தகம் திறந்திருக்கும்போது அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கோ எரிச்சல். டீச்சர் இரண்டு பேருக்கும் தெரியாததை என்னிடம் கேட்டால் நான் எங்கே போவேன்?

எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கேயும் விடவில்லை. "அத்த! பகு, பகுதி! எத்தினியா பகுத்தோமோ அது பகுதி. தொகு, தொகுதி! அதுல எத்தினிய தொகுத்து எடுத்தோமோ அது தொகுதி!" என்று கத்திக்கொண்டே மருமகள் வந்தாள். ஆரம்பாக்கத்துப் பெண், "இத எனக்கு யாருமே சொல்லலியேடி. எனக்குத் தமிழு சுமாருதான்" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். இருவரும் குதித்த குதியில் ஒரு தோசை கருகியது.

வகுப்பு நாளன்று, வெட்டிக் காட்டத் தோசை வேண்டுமென்று காலையிலேயே என்னைச் சுட வைத்துவிட்டு, டப்பாவை மறந்து போய்விட்டார்கள். வேறு வழி? தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே போகக் கூச்சம். ஜன்னல் ஓரம் நின்றேன்.

மருமகள் பலகையிடம் நின்றிருந்தாள். காகித வட்டத்தை நாலாக வெட்டி ஒட்டியிருந்தாள். "எங்க வீட்ல எங்க அத்தை இன்னா கேட்டாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்து நான் கேட்டதை அப்படியே சொன்னாள்! வகுப்பே சிரித்தது. முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு பெண் குழந்தை எழுந்து, "டீச்சர், தொகுதி அஞ்சு, பகுதி நாலுன்னு வந்தா? நாலாத்தானே வெட்டினோம், அஞ்சு எப்டி எடுக்கறது?" என்றது.

மருமகளின் கை நெற்றிக்குப் போனது. எனக்குத் தெரிந்த பழைய பயம். போச்சு, பஸ்தான் என்று நினைத்தேன். மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

ஆனால் அவள் கையை இறக்கினாள். பிள்ளைகள் நடுவிலிருந்த கூட்டாளியைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "டீச்சர், இது எனக்குச் சொல்ல வர்ல. கொஞ்சம் வாங்களேன், சேர்ந்து பாக்கலாம்" என்றாள்.

அந்தப் பெண் வந்தாள். அன்றைக்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று பேசினாள். "ஒண்ணுல அஞ்சு வராது. அப்ப இன்னா வேணும்?"

"இன்னொண்ணு வேணும்!" என்று மருமகளே பிள்ளைகளோடு சேர்ந்து கத்தினாள். வெட்ட வேறு காகிதம் இல்லை. சுற்றிலும் தேடிய கண்ணில் நான் பட்டுத் தொலைத்தேன்.

"அத்த! டப்பாவ எடுத்துக்கினு உள்ள வாங்க!"

மேடம் பார்க்க, அத்தனை பிள்ளைகளும் பார்க்க, நான் உள்ளே நடந்தேன். என் தோசையும் நாலு துண்டாகி, அதில் ஒன்று காகிதத் துண்டு நாலோடு சேர்ந்து அஞ்சாயிற்று. "இவங்கதான் அந்தத் தொகுதி ஆயாவா டீச்சர்?" என்றது ஒரு குரல்.

சாயங்காலம் மகன் பேக்கிங் பேச்சை எடுத்தான். மருமகள் அவன் தட்டிலிருந்த தோசையை நாலாக வெட்டிக்கொண்டே, "வேற யாரையாவது பஸ் ஏத்து. அடுத்த வாரம் நான் கணக்குக் கேட்டு வாங்கிக்கீறேன். அந்த ஆரம்பாக்கத்துப் பொண்ணு தமிழ் எடுக்கறா" என்றாள்.

அவளுக்கு நல்லது நடந்தது. எனக்கு? கடைக்குப் போக முடியவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் "தொகுதி ஆயா" என்று கூப்பிடுகின்றன. அதற்குள் இவள் சாக்பீஸோடு வந்து, "அத்த, தசமம்னு ஒண்ணு கீது, கொஞ்சம் உக்காருங்களேன்" என்கிறாள்.