கம்மல் போட்ட எலிகள்

எதையாவது எண்ணாமல் என்னால் சும்மா இருக்க முடியாது. படகுத்துறையில் இறங்குகிறவர்கள், எதிர்க்கூரையில் உடைந்த ஓடுகள், ஒரு வேளைக்கு விழுங்கும் மாத்திரைகள் எல்லாம் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும். மட்டாஞ்சேரியில் ஓர் அரிசிக் கிடங்கில் மூட்டைக் கணக்குப் பார்த்தே வயதானவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் அங்கே போய் உட்காராவிட்டால் இருப்புக்கொள்ளாது. மூட்டைகளை இப்போது கணினி எண்ணிக்கொள்கிறது. எனக்கு மிஞ்சியது செத்த எலிகள்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. சுமைக்காரர்கள் அடித்த எலிகளைக் காலையில் பின்சுவர் ஓரமாக, வால் ஒரே பக்கம் வரும்படி வரிசையாகக் கிடத்துவார்கள். நான் எண்ணிச் சொன்ன பிறகுதான் அவை குழிக்குப் போகும். வரிசை நீண்டால் எல்லோருக்கும் பெருமை, எனக்கும்தான்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் மூத்த சுமைக்காரர் எலிக்காய்ச்சலில் விழுந்தார். தென்காசிப் பக்கம் இருந்து வந்தவர். பிழைத்துத் திரும்பியபோது பாதி ஆளாகியிருந்தார். அதன் பிறகுதான் கிடங்கின் எலிகளை ஆராய டீச்சர் வந்தார்; நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாலக்காட்டுத் தமிழர். முதல் நாளே அவருக்கு என் வரிசையைக் காட்டி மொத்தம் எத்தனை என்றும் சொன்னேன்.

"செத்தது சரி சார். உயிரோட எத்தனை உண்டு?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பல நாள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஓர் உயிரினம் ஓர் இடத்தில் ஏன் பெருகுகிறது, ஏன் குறைகிறது என்பதுதான் டீச்சரின் படிப்பு. கூடப் படித்தவர்கள் யானை, புலி என்று காட்டுக்குப் போனபோது, அவர் பாலக்காட்டு வயல் வரப்பில் பொறி வைத்துக்கொண்டிருந்தாராம். மகள் எலி பிடிக்கிறாள் என்று சொல்லக் கூசி, அவருடைய அம்மா உறவுக்காரர்களிடம் விவசாய ஆராய்ச்சி என்றுதான் சொல்வாராம். வயலில் நெல் சிந்திக்கிடக்கும்வரை, அடிபட்ட எலியின் இடத்தையும் தீனியையும் இன்னோர் எலி எடுத்துக்கொள்கிறது. அடிப்பதைவிடத் தீனியை மறைப்பதே வழி. இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. அவரிடம் படித்தவர்களில் ஒருவர் காயலில் மீன்களைக் கணக்கிடுகிறார், ஒருவர் கொசுக்களை. காக்கநாட்டில் காய்ச்சல் தடுப்பைப் பார்க்கும் அதிகாரியும் அவருடைய மாணவர்தான். ஆனால் கிடங்கில் இதை அளந்து பார்க்க அவருக்கு இதுவரை வாய்க்கவில்லை.

எல்லாவற்றையும் பிடிக்காமல் எப்படி எண்ணுவது என்று நான் நச்சரித்ததும், ஒரு பாத்திரம் கொண்டைக்கடலை கொண்டுவரச் சொன்னார். ஒரு கை அள்ளி, ஒவ்வொன்றிலும் மைப்புள்ளி வைத்து, திரும்பப் போட்டுக் கலக்கினார். பிறகு இன்னொரு கை அள்ளினார். அதில் ஐந்துக்கு ஒன்று புள்ளி வைத்தது. அப்படியானால் முதலில் அள்ளியது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு; மொத்தம் அதைப்போல ஐந்து மடங்கு. நான் விடவில்லை. அவர் போன பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினொன்றுதான் வித்தியாசம்.

"கடலையில இது எளுப்பம்," என்றார் மறுநாள். "எலியில, அடையாளம் வெச்சதும் வெக்காததும் ஒண்ணுபோல வாழணும். அதுலதான் எல்லாம் இருக்கு."

முதலாளிக்குச் சந்தில் எதிரெதிராக இரண்டு கிடங்குகள். டீச்சரின் திட்டப்படி ஒன்றில் வழக்கம்போல அடிப்பது. மற்றதில் அடிக்காமல், சிந்தியதைப் பெருக்கி, ஓட்டைகளைக் கம்பிவலையும் சிமென்டும் வைத்து அடைப்பது. இரண்டிலும் எலிகளைப் பிடித்துக் காதில் சிறிய தகட்டு வில்லை மாட்டி விட்டார் டீச்சர். சுமைக்காரர்கள் அவற்றுக்குக் கம்மல்காரி என்று பெயர் வைத்தார்கள். அடிப்பதையே தொடர்வதா, அடைப்பதா என்று முதலாளி அடுத்த மழைக்கு முன் முடிவு செய்ய வேண்டும். தெருவின் மற்ற கிடங்குகளுக்கு என்ன சொல்வது என்று காக்கநாட்டு அதிகாரியும் காத்திருந்தார். டீச்சர் தப்பாகச் சொன்னால் இன்னொரு ஆள் காய்ச்சலில் விழுவான்.

மாதங்கள் போயின. அடிக்கும் கிடங்கின் கம்மல்காரிகள், அடிக்காத கிடங்கில் உள்ளவை போலவே திரும்பத் திரும்பப் பொறிக்கு வந்தன. அடிப்பதால் ஒரு பயனும் இல்லை என்றுதானே அர்த்தம்? டீச்சர் காலமெல்லாம் சொன்னது அதுதான். நான் வாழ்த்தினேன். அவர் முகம் தெளியவில்லை.

"எனக்குப் பிடிச்ச விடையே வந்திருக்கு சார். அதான் பயமா இருக்கு. உங்க வரிசையில கம்மல் போட்டது எத்தனை?"

நான் வால்களைத்தான் எண்ணியிருந்தேன். காதுகளைப் பார்க்கவே இல்லை. அன்றைய வரிசையைக் குனிந்து பார்த்தேன். ஒரு காதிலும் கம்மல் இல்லை. மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை.

மூத்த சுமைக்காரரைக் கூப்பிட்டோம். அவர் ஒளிக்கவில்லை.

"டீச்சர் எனக்காக வந்தவங்க. அவங்க கையால கம்மல் போட்டு விட்டத நான் எப்படி சாரே அடிக்கிறது? பையங்ககிட்டயும் சொல்லிட்டேன். எங்க பொறியில மாட்டினாக்கூட எடுத்து விட்டுருவோம்."

டீச்சர் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. அத்தனை மாத வேலையும் போயிற்று. அவரைத் தவிர யாருக்கும் அது தெரியவந்திருக்காது என்பதை நினைக்க எனக்குப் படபடத்தது. முதலாளியிடம் அவரே போய்ச் சொல்லி, இன்னும் ஒரு வருடம் கேட்டு வாங்கினார். முதலாளி மனமில்லாமல்தான் கொடுத்தார்.

இந்த முறை கம்மல் இல்லை. அரிசிமணி அளவில் ஒரு மின்னணுச் சில்லைத் தோலுக்கடியில் வைத்து விட்டார். கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் அது கீச்சிடும். வெளியே பார்த்தால் எல்லா எலியும் ஒன்றுபோலத்தான்.

முதல் வாரம் முழுக்கப் பின்சுவர் காலியாகக் கிடந்தது. பூஜ்யத்தை எண்ணுவது எனக்குப் பழக்கமில்லை. மூத்தவரிடம் கேட்டேன்.

"எதுக்குள்ள டீச்சர் வெச்சிருக்காங்கன்னு தெரியலையே சாரே. அதான் ஒண்ணையும் தொடல."

டீச்சருக்குப் போன் செய்தேன். மறுநாள் முதல் படகிலேயே வந்து, எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அண்ணாச்சி, நீங்க விட்டுக்கொடுத்தா என் கணக்கு பொய்யாகும். அந்தப் பொய்ய நம்பித்தான் மத்த கிடங்கிலயும் செய்வாங்க. என் எலியையும் அடிக்கணும்," என்றார்.

மூத்தவர் சாயாவைக் குடித்து முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடிச்சா கோபப்படக் கூடாது, கேட்டோ," என்றார் கடைசியில்.

அடுத்த நாள் வரிசை வந்தது. ஏழு. டீச்சர் கருவியை ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொண்டுபோனார். ஐந்தாவதில் கீச்சிட்டது. சுமைக்காரர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூத்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"தப்பாயிடுச்சா டீச்சரே?"

"இல்ல அண்ணாச்சி," என்று டீச்சர் கருவி காட்டிய எண்ணைக் குறித்துக்கொண்டார். "இப்பத்தான் தொடங்கியிருக்கு."

கம்மல் இருக்காது என்று தெரிந்தும் நான் எல்லாக் காதுகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ஏழு என்று சொன்னேன்.