வாலிபர் சங்கக் கூட்டத்தில் மாமா அழுதது

எங்கள் கோயிலின் வாலிபர் சங்கத்துக்கு ஆள் சேராமல் போன வருஷம் அது. கல்முனையில் கிறிஸ்தவக் குடும்பங்களே கொஞ்சம். அதிலும் இளவட்டங்கள் பின்னேரமானால் கடற்கரைக்கும் தேநீர்க் கடைக்கும் போனார்களே ஒழிய, சங்கத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சங்கத்தைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று போதகர் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம் வைத்தார். சங்கத்தை நடத்தியவர் அப்பா. பாடசாலை ஆசிரியரான அவர், யோசனைகளை எழுதவென்று வகுப்பிலிருந்த கரும்பலகையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்பது வயதுக்காரிக்கு, தகப்பன் சபை முன்னால் வெண்கட்டியோடு நிற்பதைவிட வேறென்ன வேண்டும்? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை முன்னால் பாயில் இருத்தியிருந்தார்கள். என் பக்கத்தில் போதகரின் மகள். அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தேன்.

கரப்பந்து வலை வாங்கலாம் என்றார் ஒருவர். ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்துவிட்டது என்றான் அதை வாசிக்கிற பையன். பிந்தி வருகிறவர்களுக்குத் தண்டனையாக ஒரு வேதவசனத்தை மனப்பாடம் செய்யக் கொடுக்கலாம் என்பது அப்பாவின் சொந்த யோசனை. அதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினார். வேதவசனத்தைத் தண்டனையாக்குவதில் யாருக்கும் குறை தெரியவில்லை.

"வாலிபர் ஒருத்தரும் கதைக்கல்லையே," என்றார் போதகர்.

கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த மாமா எழும்பினார். அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். மாரி மழைக்காலத்தில் நெருப்புக்காய்ச்சலில் கிடந்து எழும்பியவர். சட்டை இன்னும் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. வேலை ஒன்றும் அமையாததால் வீட்டிலேயே அதிகம் கதைக்கமாட்டார். அவர் சபையில் வாய் திறப்பார் என்று அம்மாகூட எதிர்பார்த்திருக்கமாட்டார்.

"நான் காய்ச்சலில கிடக்கக்குள்ள சங்கத்தில இருந்து ஒருத்தரும் வரல்ல," என்றார்.

சண்டைக்கு எழும்பியவரின் குரலாக அது இல்லை.

"பேர் சொல்லி ஜெபிச்சமே தம்பி," என்றார் போதகர்.

"ஓம் ஐயா. அது எனக்குத் தெரியாமப் போயிற்று. நான் வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தன். மருதமுனையில இருந்து என்ட முஸ்லிம் கூட்டாளி, தறியை விட்டுட்டுச் சைக்கிள்ல வருவான். ஒண்டும் கதைக்கமாட்டான். சும்மா பக்கத்தில இருந்துட்டுப் போவான். நம்மட ஆக்களும் வருவாங்கெண்டு..."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. மீசை வைத்த மனிதர், அத்தனை பேர் பார்க்க, கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். பின்னாலிருந்த ஒருவன், "வாத்தியார், அதையும் எழுதுங்க," என்றான். சிலர் சிரித்தார்கள். அப்பா வெண்கட்டியோடு பலகையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், ஒன்றும் எழுதாமல் நின்றார்.

"உங்கட மாமாதானே?" என்று போதகரின் மகள் என் காதில் கேட்டாள்.

நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். காது கொதித்தது. தரை பிளந்து என்னை மட்டும் உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. வீடு திரும்பும்போது அப்பா கரும்பலகை வண்டியோடு போனார். மாமாவும் அம்மாவும் பின்னால் மெதுவாக வந்தார்கள். நான் அவர்களோடு சேராதவள்போல விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மிக் காட்டினாள். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மாமா ஏன் அப்பிடிச் செஞ்சவர்?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"போய் முகத்தைக் கழுவு மகள்," என்றார் அம்மா.

அன்று பின்னேரம் வாசல் படலையடியில் சைக்கிள்கள் வந்து நின்றன. ஆர்மோனியக்காரன், கூட்டத்தில் 'அதையும் எழுதுங்க' என்று பகிடி விட்டவன், இன்னொருவன். சபையைக் கேவலப்படுத்தியதற்கு ஞாயம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"மாமா நிக்காரா?" என்று கேட்டான் பகிடி விட்டவன். என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

மாமா வெளியே வந்தார். "கடற்கரைக்குப் போவமா?" என்று ஒருவன் கேட்க, மாமா உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். நான் படலையைப் பிடித்தபடி அவர்கள் போன பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விளக்கு வைத்த பிறகுதான் திரும்பி வந்தார். காலெல்லாம் மணல். சோற்றுக்கு மேல் இன்னும் கொஞ்சம் சொதி கேட்டு வாங்கினார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா கடற்கரையில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார், அவர்களும் பெரிய மனது பண்ணி மன்னித்திருப்பார்கள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த நிம்மதியோடு படுத்துத் தூங்கினேன்.