ஒதியம்பட்டு, தனக்கொடி, ஆயிரத்தொன்று

தனக்கொடிக்கு மாதத்தில் ஒரு நாள்தான் ஆட்டோ நாள். ஊனமுற்றோர் பென்ஷன் பேங்கில் ஏறியதும் ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூருக்கு ஒரே ஒரு நடை. பணம் எடுப்பது, மளிகை, கால்வலி மாத்திரை எல்லாம் அந்த நடையிலேயே முடிந்தாக வேண்டும். போக வர இருநூறு ரூபாய். நமக்கு மாத்திரை வாங்க மறந்தால் சாயங்காலம் போய் வாங்கிக்கொள்வோம். அவளுக்கு மாத்திரை விலையோடு ஆட்டோவும் சேர்ந்துகொள்ளும். அதனால் மறந்த மாதம் வலியோடு கிடப்பாள்.

வயது நாற்பத்தாறு. குழந்தையில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. கட்டை ஊன்றித்தான் நடை. தம்பி அன்புராஜ் வீட்டின் பின்பக்க அறையில் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறாள். திருபுவனைக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். அவன் கையை எதிர்பார்க்க அவளுக்கு மனசு வராது. பென்ஷன் மூவாயிரம். மாத்திரைக்கு அறுநூறு, கரண்டுக்குத் தம்பியிடம் இருநூறு, காஸ், அரிசி, எண்ணெய் என்று போய் இருபதாம் தேதி வாக்கில் ஐம்பதோ அறுபதோ மிஞ்சும். மிச்சப் பத்து நாளை எப்படி ஓட்டுகிறாள் என்று கேட்காதீர்கள். கோபம் வரும். அவளுக்கு இல்லை, எனக்கு.

இந்த லட்சணத்தில் அவள் ஆயிரம் ரூபாய் சேர்த்தாள். மாதம் நூறாகப் பத்து மாதம். எல்லாம் செல்வகுமாரி மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதத்தான்.

செல்வகுமாரி பள்ளித் தோழி. ஆறாவதிலிருந்து பத்தாவது வரை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து இவளை மிதித்துக்கொண்டு போனவள். அந்த நன்றி ஒரு பக்கம். இன்னொன்றும் உண்டு. ஊரில் எந்த விசேஷமானாலும் 'அன்புராஜ் குடும்பம்' என்று ஐந்நூறு எழுதுவார்கள். அதற்குள் இவளும் அடக்கம். தனக்கொடி என்ற பெயரில் எந்த நோட்டிலும் இதுவரை ஒரு வரி கிடையாது. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த எதிர்பார்க்காததுதான் அவளைத் தின்றது.

பாலை நிறுத்தி வரக்காப்பிக்கு வந்தாள். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டாள். கட்டையின் அடி ரப்பர் தேய்ந்து, பாத்ரூமில் வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்தது. அப்போதும் அந்தப் பணத்தைத் தொடவில்லை. மண்டபத்துக்குப் போக இன்னொரு ஆட்டோ வேண்டும் என்பது ஒன்பதாவது மாதம்தான் உறைத்தது. அதற்காக இரண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். என்னிடம் அதைச் சொல்லும்போது சலிப்பாக ஒரு கொட்டாவி விட்டாள், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று மொய் மேசையில் நடேசன் உட்கார்ந்திருந்தார். செல்வகுமாரிக்குச் சித்தப்பா முறை.

"அன்புராஜ் எழுதிட்டானேம்மா."

"அது அவன். இது நானு."

நடேசன் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார். ஒதியம்பட்டு, தனக்கொடி, ஆயிரத்தொன்று. இவள் நோட்டைத் திருப்பச் சொல்லிப் படித்தாள். பின்னால் வரிசை நின்றது. நின்றால் நிற்கட்டும் என்று இன்னொரு தரம் படித்தாள். அன்றைக்குப் பந்தியில் பக்கத்தில் இருந்தவள் நான். பாயசம் இரண்டு தரம் கேட்டு வாங்கினாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பிய அன்புராஜ் ஒரு கவரை நீட்டினான்.

"செல்வகுமாரி அக்கா குடுத்துச்சு. நைட்டு வூட்டுக்கே வந்திச்சு, நீ தூங்கிட்ட. உன் பென்ஷன் காச வாங்கியா எம்பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணணும்னு ஒரே அழுவ. மருந்துக்கு வெச்சிக்கச் சொல்லிச்சு."

"அது பென்ஷன் காசு இல்லடா. எங்காசு."

"ரெண்டும் ஒண்ணுதானக்கா."

தனக்கொடிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொண்டுபோய் செல்வகுமாரி முகத்தில் வீசிவிட்டு வரலாம். ஆனால் அவள் வீடு வில்லியனூரில். ஆட்டோவுக்கு இருநூறு வேண்டும். கையில் இருப்பது இந்தக் கவர் மட்டும்தான். இதிலிருந்தே எடுத்தால் திருப்பிக் கொடுக்க எண்ணூற்றொன்றுதான் இருக்கும். கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோபப்படக்கூட வசதியில்லை.

"நோட்ல எம்பேரு இருக்குதாடா?"

"அது இன்னாத்துக்கு இப்ப?"

"போற வழிதான. கேட்டுட்டு வா."

சாயங்காலம் வந்தவன் வண்டியை நிறுத்திவிட்டு நேரே பின்பக்கம் வந்தான்.

"நடேசன் மாமா உம்பேர கோடு போட்டு அடிச்சிட்டாருக்கா. பணத்தத் திருப்பிக் குடுத்தாச்சுன்னா கணக்கு டேலி ஆவணும் இல்ல?"

ஆக வேண்டியதுதான். இதில் யாரைக் குற்றம் சொல்ல? செல்வகுமாரி அழுதது பொய்யில்லை. நடேசன் செய்ததும் முறைதான். அக்கா மேல் தம்பிக்குப் பாசம் இல்லையென்று நாக்கு கூசாமல் சொல்ல முடியாது. எல்லாரும் நல்லவர்களாகவே இருந்து தொலைத்துவிட்டார்கள்.

தனக்கொடி கேட்டாள்.

"அடிச்சதுக்கப்புறம் பேரு படிக்க வருதாடா?"

அதை அவன் பார்க்கவில்லை.