எந்தத் தோட்டத்துத் திருவிழா என்று நான் கேட்கவில்லை

1. கிளினிக் மேசை

சுகந்தி "திருவிழா" என்று சொன்னபோது, அது எந்தத் தோட்டத்துத் திருவிழா என்று நான் ஏன் கேட்கவில்லை? ஒன்பது மாதமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. அவசரம் என்று சொல்லலாம். ஆனால் அன்று கிளினிக்கில் கூட்டமே இல்லை. நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். என் மகளும் அந்தப் பிள்ளைகளோடுதான் வளர்கிறாள். எல்லோரும் என்னை டீச்சர் என்பார்கள். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மிட்வைஃப் மிஸ் வந்து மடுவத்திலேயே கர்ப்பிணிகளைப் பார்ப்பார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். பெண்கள் சொல்வதை நான் சிங்களத்தில் சொல்வேன். அது என் வேலைப் பட்டியலில் இல்லை. ஆனால் வேறு யாரும் செய்ய முடியாது என்பதால் என் வேலையாகிவிட்டது.

புதிதாகப் பதிகிற பெண்ணிடம் முதலில் கேட்பது, கடைசியாக மாதவிடாய் வந்த திகதி. பிரசவத் திகதியை அதிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். எங்கள் பெண்களில் கலண்டரைப் பார்த்துத் திகதி சொல்பவர்கள் குறைவு. தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, பெரியவள் பாடசாலையில் சேர்ந்த வாரம் என்று நடந்த விஷயத்தை வைத்துச் சொல்வார்கள். அதைத் திகதியாக மாற்றுவது நான்.

சுகந்திக்கு அது இரண்டாவது பிள்ளை. நான்காம் மாதத்தில்தான் பதிய வந்தாள்.

"திருவிழாவுக்குக் கொடி ஏத்துன அன்னைக்கு நான் தூரம் டீச்சர். கோயிலுக்கே போக முடியல, வீட்டுலதான் கெடந்தேன். அதுக்கப்பறம் வரல" என்றாள்.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் கொடியேற்றம் சித்திரைக் கடைசியில் நடக்கும். அந்த வருடத் திகதி எனக்குத் தெரியும். உடனே சொன்னேன், மிஸ் எழுதிக்கொண்டார். பிப்ரவரி இரண்டாம் வாரம் என்று பிரசவத் திகதி வந்தது.

2. நான்கு சென்டிமீட்டர்

அதன் பிறகு மூன்று முறை பிழையைத் திருத்த வாய்ப்பு வந்தது. எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலாவது, ஸ்கேன். குறித்த நாளில் மண்சரிவு எச்சரிக்கையால் பஸ் ஓடவில்லை. பிந்திய திகதியில் போனபோது, பிள்ளை பெரிதாகத் தெரிகிறது, ஆனால் இந்த மாதத்தில் ஸ்கேனை வைத்துத் திகதியை மாற்ற முடியாது என்று டொக்டர் சொல்லியனுப்பினார்.

இரண்டாவது, மிஸ் டேப் வைத்து வயிற்றை அளந்த நாள். வாரக் கணக்குக்கு நான்கு சென்டிமீட்டர் அதிகம் இருந்தது. என் பக்கம் திரும்பி, "டீச்சர், திகதி ஷுவர் தானே?" என்று தமிழிலேயே கேட்டார்.

"ஷுவர் மிஸ். திருவிழா அன்னைக்கு. அது எனக்கே தெரியும்" என்றேன்.

கேள்வி சுகந்தியைப் பற்றியது. அவள் கட்டிலில் படுத்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சீனி வருத்தமாக, அதாவது சர்க்கரை நோயாக இருக்கலாம் என்று மிஸ் எழுதிக் கொடுக்க, சுகந்தி இரண்டு முறை பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தது.

மூன்றாவதாக, டிசம்பரில் அவளே சொன்னாள். "வயிறு எறங்கிருச்சு டீச்சர், பெரியவளுக்கு இப்படித்தான் கடைசியில எறங்குச்சு."

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்று சிரித்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூரத்தில் இருக்கும் தாய்மாரை ஒரு வாரம் முன்னதாகவே வந்து வார்டில் தங்கச் சொல்வார்கள். பலர் தட்டிக்கழிப்பார்கள். மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, வீட்டில் யார் சமைப்பது என்ற பிரச்சினை. சுகந்தி தட்டிக்கழிக்கவில்லை. ஜனவரி கடைசியில் போவதற்கு ஒரு பையில் துணி மடித்து வைத்திருந்தாள். என் பிரசவத்துக்கு நானே பத்து நாள் முன்னதாகப் போய்ப் படுத்தவள். அந்தத் தைரியத்தை மற்றவர்களுக்கும் கொடுக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

3. கொழுந்து லொறி

ஜனவரி முதல் வாரம். விடாத மழை. காலை ஒன்பது மணிக்கு மூத்த மகளை விட வந்த சுகந்தி, மடுவத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இடுப்பு விட்டு விட்டு வலிக்குது டீச்சர்."

அவளுடைய கிளினிக் அட்டையைப் பார்த்தேன். முப்பத்தைந்து வாரம்கூட நிறையவில்லை. "இது பொய்வலியா இருக்கும், கொஞ்சம் படுங்க" என்று பாய் விரித்தேன். மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். அவர் வேறொரு தோட்டத்துக் கிளினிக்கில் இருந்தார். எத்தனை வாரம் என்று கேட்டார், சொன்னேன். வலி குறையவில்லை என்றால் தாமதிக்காமல் அனுப்பு என்றார்.

ஒன்பதரைக்குக் கொழுந்து ஏற்ற வந்த லொறி மடுவத்துக்கு எதிரே நின்றது. டிரைவர் ராஜு அண்ணன் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"என்ன டீச்சர், புள்ளத்தாச்சி படுத்திருக்கு? ஏத்திக்கவா? கொழுந்து பொறுத்துக்கும்."

"வேண்டாம் அண்ணே, இன்னும் மாசம் இருக்கு."

"நீங்க படிச்சவங்க, சொன்னா சரி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பத்தரைக்குப் பனிக்குடம் உடைந்தது. அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன். வருகிறோம், ஆனால் கீழ்ப்பாதை வளைவில் மண் விழுந்திருக்கிறது, அதற்கு மேல் ஏற முடியாது என்றார்கள். லொறி திரும்பும்போது பதினொன்று. மடுவத்து ஆயாவிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஏறினேன். என் மகள் அழுதது கேட்டது. திரும்பிப் பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று பார்க்கவில்லை.

கொழுந்துச் சாக்குகளின் மேல் சுகந்தி. அவள் மாமியார் தெய்வானை தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மறுபக்கத்தில் அம்புலன்ஸ் நிற்பது தெரிந்தது. நடுவில் இடுப்பளவு மண். அம்புலன்ஸ்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார்கள். அவர்கள் லொறியில் கால் வைக்கும்போது பிள்ளையின் தலை வெளியே வந்துவிட்டது.

பிள்ளை உடனே அழுதான். தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் வைத்து மண்ணுக்கு மேலால் ஆறு பேர் தூக்கிப் போனார்கள். பதுளை வரை அவள் கையைப் பிடித்திருந்தேன். கை குளிர்ந்துகொண்டே போனது. "டீச்சர், பெரியவளுக்குப் பகலைக்குச் சோறு குடுத்தாங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றி அவளைக் காப்பாற்றினார்கள். வார்டில் பிள்ளையை நிறுத்துப் பார்த்த நர்ஸ் தமிழில் கேட்டார். "எட்டு மாசப் பிள்ளையா? மூணு கிலோ இருக்கான். யார் சொன்னது எட்டு மாசம்?"

தெய்வானை மருமகளைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

4. போனில் இருந்த வீடியோ

அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணக்கில் எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருந்தேன். மகள் என் போனில் போன வருடத் திருவிழா வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. எங்கள் கோயில், கொடியேற்றிய நாள் காலை. மஞ்சள் சேலை கட்டிப் பால்குடம் எடுத்து வருகிற வரிசையில் நான்காவது ஆள் சுகந்தி.

தூரமான பெண் பால்குடம் எடுக்கமாட்டாள். அவள் சொன்னது வேறு திருவிழா. அவள் பிறந்த வீடு அப்புத்தளைப் பக்கத் தோட்டம். அங்கே பங்குனியில் கொடி ஏறும். அந்த வருடம் அதற்காகப் பிறந்த வீட்டுக்கு அவள் போயிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து வாரம் வித்தியாசம். அவள் சொன்னது ஒரு நாள்கூடத் தப்பில்லை.

தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்தில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. தெய்வானை தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கணுமேன்னு மாசத்த மறைச்சிட்டா. எம் பேரன் லொறியில பொறந்தான். வாயத் தொறந்தா பொய்யி."

சுகந்தியைப் பார்க்கப் போனேன். சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னே அவள் சொன்னாள்: "நாந்தான் தப்பா சொல்லிட்டேன் போல டீச்சர். ஒங்களுக்கும் கெட்ட பேரு."

"பரவாயில்ல, விடுங்க" என்றேன்.

என் பிழைக்கு நான் அவளை மன்னித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

5. இப்போது

இப்போது வேலையில் சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களின் திருவிழாத் திகதிகளை எழுதிக் கிளினிக் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். திகதி கேட்கும்போது, "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க, யாரோட இருந்தீங்க?" என்று கேட்டு, நான் எழுதியதை அந்தப் பெண்ணுக்கே வாசித்துக் காட்டுகிறேன். மிஸ் சந்தேகப்பட்டால் பதிலை நான் சொல்வதில்லை, அவளிடமே திரும்பக் கேட்கிறேன். இளையவர்கள் யாராவது இந்த வேலைக்கு வந்தால் இதையாவது செய்யுங்கள்.

ஆனால் சுகந்தியின் அட்டையில், தாய் சொல்லும் திகதி நம்பத்தக்கதல்ல என்று சிங்களத்தில் எழுதியிருக்கிறது. நான் மிஸ்ஸிடமும் சொல்லவில்லை. போன மாதம் பிள்ளைக்கு ஊசி போட வந்தபோது, பிள்ளைக்குக் கடைசியாகக் காய்ச்சல் வந்தது எப்போது என்று சுகந்தியிடம் கேட்டேன். அவள் பின்னால் நின்ற மாமியாரைக் காட்டினாள்.

"நான் சொன்னா தப்பாயிரும் டீச்சர். அத்தை சொல்லுவாங்க."

வருகிற வியாழக்கிழமை மறுபடியும் கிளினிக். முதலில் சுகந்தியிடம் தனியாகச் சொல்வதா, தெய்வானை கேட்கும்படி எல்லோர் முன்னாலும் சொல்வதா? மிஸ்ஸிடம் சொன்னால் என்னை மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்களா? எழுப்பினால் அந்தப் பெண்களுக்காக அங்கே யார் பேசுவது? அல்லது, மேசையை விடாமல் இருப்பதற்கு நான் தேடும் சாக்குதான் இதுவா? தாய்மாரோடு வேலை செய்து அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள். சொல்லாமல் விட்டுவிடு என்று மட்டும் எழுத வேண்டாம். அந்த ஆலோசனையை ஒன்பது மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.