காயாத மண்

குற்றாலத்துக்கு மேலே காட்டில் மண் எடுக்கப் போனால் என் கையில் பட்டியல் இருக்கும்: பை எண், ஆழம், சருகின் கனம், ஈரம். அந்தச் சாரல் காலத்தில் நாற்பது பைகளை நானே சுமந்து இறக்கினேன். ஆனால் தென்காசி ஆய்வகத்தின் மூத்தவர் அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்.

"ஏட்டி, மண்ணு அள்ளுதவளுக்கெல்லாம் பேரு போட்டா, ஜீப் ஓட்டுத அண்ணாச்சிக்கும்லா போடணும்?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

மண்ணில் எவ்வளவு கரிமம் இருக்கிறது என்று அறிய, அதை முதலில் உலர்த்தி எடை போட வேண்டும். பிறகு உலையில் எரித்து மறுபடி எடை போட வேண்டும். குறைந்த எடைதான் எரிந்துபோன மக்கு, அதாவது மண்ணில் மக்கிக் கிடந்த இலை தழை. அதைக் கொண்டுதான் கரிமத்தைக் கணக்கிடுவோம். நான் விடுப்பில் இருந்தபோது அவர் அவசரத்தில் ஈர மண்ணையே எரித்திருந்தார். ஆவியாகிப் போன சாரல் நீரும் கரிமக் கணக்கில் சேர்ந்துவிட்டது. திரும்பி வந்து எண்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

அறிக்கையைச் சரிபார்க்கும் கூட்டத்தில், அதற்காக வந்திருந்த அதிகாரி அம்மா, "இவ்வளவு கரிமமா? மண்ணைக் காய வச்சீங்களா?" என்று கேட்டார்.

மூத்தவர் என்னைக் காட்டினார். "இந்தப் பொண்ணுதான் பாத்தா, மேடம்."

"அறிக்கையில என் பேரே இல்லையே மேடம். வேணும்னா ஜீப் ஓட்டுத அண்ணாச்சிகிட்ட கேளுங்க," என்றேன்.

மீதி மண்ணை உலர்த்தி மறுபடி எரித்து, புதிய அறிக்கை எழுதும் வேலையை அதிகாரி அம்மா எனக்குக் கொடுத்தார். பைகளை உலை அறைக்குத் தூக்கி வந்தவர் மூத்தவர்தான். புதிய அறிக்கையில் என் பெயர் முதலில் இருக்கிறது. அவர் பெயரையும் விடவில்லை. கடைசி வரியில், மண் பைகள் சுமந்தவர் என்று போட்டிருக்கிறேன்.